மூச்சு இருந்தது

அக்டோபர் செபமாலை மாதத்தில் நம் அன்பியத்துக் குடும்பங்கள் மாலைதோறும் ஒரு வீட்டில் கூடுவது வழக்கம். குலசேகரத்தில் அது மழைக்காலமும் ஆகும். செபம் முடிந்தாலும் மழை விட்டால்தான் வீடு திரும்ப இயலும். அந்த இடைவேளையில் கட்டன் சாயாவும் அவித்த மரச்சீனிக் கிழங்கும் வரும். கூடவே ஊர்ப் பேச்சும் வரும். பேச்சு பிறர் குற்றம் காண்பதில் போய் முடிகிறதே என்று வருந்திய பங்குத் தந்தை, ஏதேனும் நல்ல நூலை வாசித்துக் காட்டும்படி நம்மைப் பணித்தார். புனிதர் ஒருவரின் வரலாற்றை அவர் எதிர்பார்த்திருக்கக் கூடும். நாம் எடுத்துச் சென்றதோ ஒரு மலையேற்ற விபத்தின் உண்மை வரலாறு.

1996ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் எவரெஸ்ட் சிகரத்தில் வீசிய புயலில் எட்டுப் பேர் மாண்டனர். அன்று சிகரம் தொட்டு உயிருடன் திரும்பியவர்களுள் ஒருவர் ஜான் கிராக்கவர் என்னும் அமெரிக்க எழுத்தாளர். தாம் கண்டதை முதலில் ஒரு பத்திரிகைக் கட்டுரையாகவும், பின்னர் 1997இல் 'இன்டூ தின் ஏர்' என்னும் நூலாகவும் அவர் எழுதினார். அதனை நான்கு மாலைகளில் தமிழில் சொல்லி முடித்தோம்.

முதல் மாலையே வழக்கு மன்றமாயிற்று. எண்பது வயதைக் கடந்த பாட்டா ஒருவர், "அவனுவளுக்கு வேற சோலி இல்லியா?" என்று கேட்டார். அனைவரும் சிரித்தனர். நமக்கு மட்டும் 2018 மார்ச் 11 நினைவுக்கு வந்தது. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லவா? அவர்களுள் இளம்பெண்கள் பலர். "பெண்பிள்ளைகளுக்கு மலையில் என்ன வேலை?" என்று அன்று நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் கேட்டது நம் செவியில் இன்னும் இருக்கிறது. எரிந்துபோன பிள்ளைகளைப் பற்றி நாம் கேட்ட முதல் கேள்வி அது. பாட்டாவுக்கு விடை கூறியது பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி. "தவக்காலத்துல நீங்க குருசுமலைக்குப் போவீங்களே பாட்டா, அங்க என்ன சோலி?" என்றாள். பாட்டா அதற்கு மேல் பேசவில்லை. சிலுவையை நோக்கி ஏறுவதும் பெயருக்காக ஏறுவதும் ஒன்றாகுமா என்று ஆசிரியர் ஒருவர் நீண்ட விளக்கம் தந்தார். அதனை இங்கு எழுத வேண்டியதில்லை.

இரண்டாம் மாலை ராப் ஹாலின் கதை. நியூசிலாந்து நாட்டவரான அவர், பணம் பெற்றுக்கொண்டு பிறரைச் சிகரத்துக்கு அழைத்துச் செல்லும் வழிகாட்டி. பிற்பகல் 2 மணிக்குள் சிகரம் எட்டாதவர் எங்கிருந்தாலும் திரும்பிவிட வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. அவருடைய குழுவில் டக் ஹேன்சன் என்னும் அமெரிக்கத் தபால் ஊழியர் இருந்தார். இரவு நேர வேலையும் பார்த்துப் பணம் சேர்த்தவர். முந்திய ஆண்டு சிகரத்தின் அருகே சென்றும் திருப்பி அனுப்பப்பட்டவர். இம்முறை அவர் உச்சியை அடைந்தபோது மணி 4ஐத் தாண்டிவிட்டது. அவரைத் திருப்பியனுப்ப ஹாலுக்கு மனம் வரவில்லை போலும். இறங்கும் வழியில் ஹேன்சன் தளர்ந்தார். அவரை விட்டு இறங்க ஹாலுக்கு அப்போதும் மனம் வரவில்லை. மறுநாள் மாலை, ஏழு மாதக் கர்ப்பிணியாக நியூசிலாந்தில் இருந்த மனைவியுடன் ரேடியோ வழியாகப் பேசிவிட்டு, அந்த மலையிலேயே ஹால் உயிர் துறந்தார்.

"தபால்காரரா? பாவம்" என்றார் நம் அன்பியத்து ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர். பணக்காரர் விளையாட்டு என்றே அதுவரை கேட்டுக்கொண்டிருந்தவர் அவர். அடுத்து, மூட்டை சுமக்கும் ஷெர்ப்பாக்களுக்கு என்ன கூலி, அவர்கள் விழுந்தால் குடும்பத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டார். 2014 ஏப்ரல் 18 அன்று எவரெஸ்டின் பனி வீழ்ச்சியில் இறந்த பதினாறு பேரும் நேபாளத்துத் தொழிலாளர்களே என்பதைச் சொன்னோம். "அவங்களை ஏன் போனேன்னு ஆரும் கேக்க மாட்டாங்க" என்றார்.

இரக்கத்தால் விதியைத் தளர்த்தியவன் குற்றவாளியா, நண்பனுக்காக உயிர் கொடுத்தவன் தியாகியா என்று அன்றிரவு வெகுநேரம் வாதம் நடந்தது. இரண்டும் ஒரே மனிதன் என்பதுதான் சிக்கல். கிராக்கவரின் கட்டுரையைப் படித்த அமெரிக்க வாசகர்களும் இப்படித்தான் பிளவுபட்டனர். அவரையே கடிந்து எழுதிய கடிதங்கள் சிலவற்றை, புயலில் இறந்த மற்றொரு வழிகாட்டியான ஸ்காட் ஃபிஷரின் சகோதரி எழுதியது உட்பட, தம் நூலின் இறுதியில் அவரே சேர்த்திருக்கிறார். ஆண்டி ஹாரிஸ் என்னும் இளம் வழிகாட்டி பத்திரமாகக் கூடாரம் சேர்ந்ததைக் கண்டதாக அவர் முதலில் கூறினார். தாம் கண்டது வேறொருவரை என்பது பின்னரே அவருக்குப் புலப்பட்டது. ஹாரிஸோ திரும்பவே இல்லை. அந்தத் தவற்றை மறைக்காமல் எழுதியதற்காக நாம் அவரை மதிக்கிறோம்.

மூன்றாம் மாலை நமக்கு எளிதாக இருக்கவில்லை.

பெக் வெதர்ஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் ஏறும் வழியில் பார்வை மங்கி நின்றுவிட்டார். "நான் திரும்பும் வரை இவ்விடம் விட்டு அகலாதே" என்று ஹால் சொன்ன சொல்லை நம்பி, கடுங்குளிரில் பல மணி நேரம் காத்திருந்தார். ஹால் வரவில்லை. பிறருடன் இறங்கியவர் புயலில் வழி தவறி, முகாமுக்குச் சற்றுத் தொலைவில் வீழ்ந்தார். அருகில், அன்றுதான் சிகரம் ஏறிய யாசுகோ நம்பா என்னும் ஜப்பானியப் பெண்மணி. மறுநாள் காலை, அதே குழுவைச் சேர்ந்த மருத்துவர் ஸ்டூவர்ட் ஹட்சிசன், ஷெர்ப்பாக்களுடன் தேடிச் சென்று இருவரையும் கண்டார். முகத்தை மூடிய பனிக்கட்டியை அகற்றிப் பார்த்தார். மூச்சு இருந்தது. ஆயினும் தூக்கிச் சென்றாலும் பிழைக்க மாட்டார்கள் என்று முடிவு செய்து, இருவரையும் விட்டுத் திரும்பினார்.

"மூச்சு இருந்ததைப் பார்த்துட்டுமா?" என்று பால்வெட்டுத் தொழிலாளி கேட்டார். குருவும் லேவியனும் விலகிச் சென்ற கதையை ஆசிரியர் எடுத்தார். அப்போது, அரசு மருத்துவமனையில் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர் அக்கா குறுக்கிட்டார். ஒரே நேரத்தில் பலர் அடிபட்டு வரும்போது, பிழைக்கக் கூடியவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மற்றவரைக் கடந்து போகத்தான் வேண்டும். கடந்து போன முகங்கள் இன்றும் தம் கனவில் வருகின்றன என்றார். அங்கோ கடல்மட்டக் காற்றில் மூன்றில் ஒரு பங்கு அழுத்தமே உண்டு. தன் உடலைச் சுமப்பதே பெரும்பாடு. "அந்த டாக்டரை நான் குற்றம் சொல்ல மாட்டேன்" என்று முடித்தார். எல்லாரும் அதனை ஏற்றனர்.

அதன்பின் நாம் மீதிக் கதையைச் சொன்னோம். அன்று மாலை வெதர்ஸ் எழுந்தார். உறைந்த கையை முன்னே நீட்டியபடி, தாமே நடந்து முகாமுக்குள் வந்தார். அதற்குள் அவர் இறந்துவிட்டதாக அவர் மனைவிக்குச் செய்தி போயிருந்தது. அன்றிரவும் பிழைக்க மாட்டார் என்று கூடாரத்தில் தனியே விடப்பட்டார், அப்போதும் பிழைத்தார். ஏறத்தாழ 6,000 மீட்டர் உயரத்தில் நேபாள இராணுவத்தின் மதன் கத்ரி செத்ரி உயிரைப் பணயம் வைத்து ஹெலிகாப்டரை இறக்கியபோது, ஒருவருக்கே இடம் இருந்தது. தம்மைவிட மோசமான நிலையிலிருந்த தைவான் நாட்டு வீரரை முதலில் ஏற்றிவிட்டு வெதர்ஸ் காத்திருந்தார். இருமுறை கைவிடப்பட்டவர் செய்த காரியம் இது. யாசுகோ நம்பா எழவில்லை.

வீட்டில் யாரும் பேசவில்லை. ஓட்டின்மேல் மழை மட்டும் பேசிற்று. பின்னர்ச் செவிலியர் அக்கா, "ஆனாலும்..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார்.

நான்காம் மாலைக்கு நம் நாட்டவர் கதையை வைத்திருந்தோம். அதே நாளில் திபெத்துப் பக்கமாக ஏறிய இந்தோ-திபெத்திய எல்லைக் காவல் படையினருள் மூவர், செவாங் சமன்லா, தோர்ஜே மோருப், செவாங் பல்ஜோர் ஆகிய லடாக்கியர், புயலில் சிக்கித் திரும்பவில்லை. மறுநாள் ஏறிய ஜப்பானியக் குழுவினர் அவர்களைக் கண்டும் உதவாமல் சென்றனர் என்று முதலில் செய்தி வந்தது. மகன் இராணுவத்தில் இருக்கும் தாய் ஒருவர், "அவர்களும் ஒரு தாய் வயிற்றில் பிறந்தவர்கள்தானா?" என்று கொதித்தார். ஜப்பானியர் அதனை மறுத்தனர் என்றும், தாங்கள் கண்டவர்கள் ஆபத்தில் இருந்தனர் என்று அறியவில்லை எனக் கூறினர் என்றும் சொன்னோம். அவர் அமைதியடையவில்லை. அந்த மூவருள் ஒருவருடையது என்று கருதப்பட்ட உடல், பச்சைக் காலணியோடு பாதையோரம் பல ஆண்டுகள் கிடந்து, ஏறிச் செல்வோருக்கு அடையாளக் குறியாயிற்று என்று கூறியபோது அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"கண்டும் போனவன் மனுசனா?" என்று யாரோ கேட்டனர். அந்தக் கேள்விக்குப் பின் நம்மால் நூலைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருக்க இயலவில்லை.

ஏழு ஆண்டுகளுக்கு முன், இதே போன்ற மழையிரவில், நாமும் நம் இல்லத்தரசியும் திருவட்டாறிலிருந்து ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தோம். ரப்பர் தோட்டத்தின் ஓரம் ஒருவர் கிடந்தார். வேகத்தைக் குறைத்தோம். விளக்கொளி அவர்மேல் விழுந்தது. நெஞ்சு ஏறி இறங்குவதைக் கண்டோம். குடித்துவிட்டுக் கிடக்கிறான் என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம். அங்கே மெல்லிய காற்று இல்லை, புயல் இல்லை, எட்டாயிரம் மீட்டர் உயரமும் இல்லை. நனைந்துவிடுவோம் என்பதே காரணம். அவர் குடித்தவர் அல்லர். சர்க்கரை குறைந்து மயங்கி விழுந்தவர். விடியுமுன் தலையில் விளக்குக் கட்டிப் பால் வெட்டச் சென்றவர் கண்டு, ஆட்டோ பிடித்து மருத்துவமனை சேர்த்தார். அவர் பிழைத்தார். ஞாயிறுதோறும் கோவில் முற்றத்தில் நம்மைக் கண்டு வணக்கம் சொல்கிறார்.

இதனை அன்று மாலை சொன்னோம். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொன்னதுண்டு. இல்லத்தரசியுடன்கூட அதன்பின் பேசியதில்லை. அவர் தரையைப் பார்த்தவாறு இருந்தார். அன்று மயங்கியவரைத் தூக்கிச் சென்ற தொழிலாளி நம் எதிரில்தான் அமர்ந்திருந்தார். மூன்று மாலைகளாகக் கேள்வி கேட்டவர் அவரே.

சற்று நேரம் கழித்து அவர், "நானும் மொதல்ல குடிச்சிட்டுக் கெடக்கான்னுதான் நெனச்சேன் சாரே. இருட்டுல அவர் காலு தட்டி விழப் பாத்தேன். அதனாலதான் நின்னேன்" என்றார்.

வேறு யாரும் எதுவும் கூறவில்லை. பாட்டா கிழங்குத் தட்டை நம் பக்கம் நகர்த்தி வைத்தார்.

நவம்பர் 2ஆம் நாள் சகல ஆத்துமாக்கள் திருநாளுக்கு, இறந்தோர் பெயர்களை எழுதித் தரும் சீட்டு வந்தபோது, அந்தச் சிறுமி எட்டுப் பெயர்களையும் எழுதினாள். லடாக்கியர் நம் மறையினர் அல்லரே என்று ஆசிரியர் ஐயம் எழுப்ப, பங்குத் தந்தை, "எழுதட்டும்" என்றார். கல்லறைத் தோட்டத்தில் குடைகளின்கீழ் நின்று கேட்டோம். நம் ஊர்ப் பெயர்களுக்கு நடுவே ராப் ஹால், யாசுகோ நம்பா என்று வாசித்து வந்தவர், தோர்ஜே மோருப் என்ற இடத்தில் சற்றுத் தடுமாறினார். சிறுமி அருகில் சென்று உச்சரிப்பைச் சொல்லிக் கொடுத்தாள். தந்தை அந்தப் பெயரை மீண்டும் ஒருமுறை வாசித்தார்.