கரும்பலகை கெட்டதற்கு நோட்டைக் கிழிக்கச் சொன்னார்கள்

இரண்டு மாதமாக டீச்சரை முகநூலில் காணோமே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, வீட்டுக் கம்ப்யூட்டருக்குத்தான் முடியாமல் போனது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் உங்களிடம் ஒரு உதவி கேட்க வேண்டியிருக்கிறது.

கொரோனா ஊரடங்கில் நான் ஆரம்பித்த வேலை உங்களில் பலருக்குத் தெரியும். 1983-இல் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஓய்வு பெறும்வரை எடுத்த ஐந்தாம் வகுப்பு குரூப் போட்டோக்கள், சுதந்திர தின நாடகங்கள், விளையாட்டு விழாக்கள் என்று உங்கள் வீட்டு ஆல்பங்களிலிருந்து வாங்கி, ஸ்கேன் செய்து, திருப்பிக் கொடுத்தேன். மொத்தம் 412 படங்கள். எல்லாம் 2014-இல் வாங்கிய பழைய டெஸ்க்டாப்பில்தான் இருந்தன. வேறு எங்கும் இல்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல். ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அது போதாதென்று சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களில் புகுந்தது. என் வீட்டில் வாசற்படியோடு நின்றுவிட்டது, கம்ப்யூட்டரைக் கட்டில் மேல் ஏற்றி வைத்திருந்தேன். ஆனால் சுவர் ஈரம் பொங்கல்வரை காயவில்லை.

ஜனவரியில் ஆரம்பித்தது. தட்டச்சு செய்துகொண்டே இருப்பேன், திடீரென்று திரை முழுக்க நீலம். சோக முகம் ஒன்று, கீழே ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்று ஒரு வரி. அணைத்துப் போட்டால் ஓடும். மறுநாள் மறுபடி நீலம், இந்தத் தடவை வேறு வரி. டவுனில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பையன் ஐந்து நிமிஷம் பார்த்தான். “விண்டோஸ் போயிடுச்சு ஆன்ட்டி, ஃபார்மேட் பண்ணித்தான் ஆகணும். டேட்டா வேணும்னா தனி சார்ஜ், கேரண்டி சொல்ல முடியாது” என்றான். கடைப் பெயர் வேண்டாம், பிழைத்துப் போகட்டும். யோசித்துச் சொல்கிறேன் என்று ஆட்டோ பிடித்து வந்துவிட்டேன்.

அன்று ராத்திரிதான் அந்த போன் வந்தது. என்னிடம் 1991-இல் ஐந்தாவது படித்தவள், ஆற்றோரத்து ஊர். பெயர் போட வேண்டாம் என்றாள். வெள்ளத்தில் பெட்டியோடு ஆல்பம் ஊறிக் கூழாகிவிட்டதாம். அதே வகுப்பில் படித்த அவளுடைய அண்ணன் பைக் விபத்தில் போய்ப் பல வருஷம் ஆகிறது. சின்ன வயசில் அவன் இருக்கிற ஒரே படம் அந்த குரூப் போட்டோதான். “உங்ககிட்ட இருக்குதுல்ல டீச்சர்?” என்றாள். இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். சொன்னபிறகு தூக்கம் வரவில்லை.

மறுநாள் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிற இன்னொரு பழைய மாணவனைக் கூப்பிட்டேன். கணக்கில் என்னிடம் நிறைய குட்டு வாங்கியவன். அவன் முதலில் கேட்டது, “டீச்சர், நீலத் திரையில ஒவ்வொரு தடவையும் ஒரே வரியா வருது, மாறி மாறி வருதா?” மாறி மாறித்தான் வருகிறது என்றேன். “அப்ப ராம் மேலதான் எனக்குச் சந்தேகம். ஃபார்மேட் பண்ணாதீங்க. முக்கியமா, இனிமே அதுல எதையும் காப்பி பண்ணாதீங்க, சேவ் பண்ணாதீங்க.”

ராம் என்பது நம் வகுப்புக் கரும்பலகை மாதிரி. அப்போதைக்கு எழுதிப் போட்டுப் பார்க்கிற இடம், கரண்ட் போனால் அழிந்துவிடும். ஹார்ட் டிஸ்க்தான் நோட்டுப் புத்தகம். ஆனால் நோட்டில் ஏறுகிற எல்லாமே கரும்பலகை வழியாகத்தான் போகிறது. பலகையில் ஓர் இடம் பொத்தலாகி ‘க’ என்று எழுதினால் ‘த’ என்று தெரிந்தால், பிள்ளைகள் ‘த’ என்றுதானே நோட்டில் எழுதும்? நீலத் திரை வந்தாலாவது தெரிந்துகொள்ளலாம். வராத நேரத்தில் சத்தமில்லாமல் தப்பும் தவறுமாகப் பதிந்திருக்கும். நானோ கடைக்குப் போகுமுன் பயத்தில் எல்லாப் படங்களையும் ஒரு பென்டிரைவில் காப்பி செய்து வைத்திருந்தேன்!

(மெமரி போதவில்லை என்று வருகிற செய்தி வேறு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். திறந்து வைத்ததை எல்லாம் மூடினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.)

விண்டோஸிலேயே ‘மெமரி டயக்னாஸ்டிக்’ என்று ஒன்று இருக்கிறது, தேடும் இடத்தில் அடித்தால் வரும். போட்டேன். கோளாறு இல்லை என்றது. எனக்கு ஒரே சந்தோஷம். “ஒரு தடவை பாஸ் ஆனா போதாது டீச்சர், நீங்கதானே சொல்லுவீங்க” என்றான். அவன் சொல்லச் சொல்ல, தம்பி மகன் லேப்டாப்பில் ‘மெம்டெஸ்ட்’ என்ற இலவசச் சோதனையைப் புதுப் பென்டிரைவில் ஏற்றி, ராத்திரி முழுக்க ஓடவிட்டோம். காலையில் காபி போட எழுந்து பார்த்தால் திரையில் வரிசையாகச் சிவப்பு வரிகள்.

அப்புறம் பெட்டியைத் திறக்கச் சொன்னான். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒரு தடவை அழுத்திவிட்டு, இரும்புச் சட்டத்தைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே கை வைக்க வேண்டும். உள்ளே ஒரு பல்லி முட்டை ஓடு, சாம்பல் மாதிரித் தூசி. இரண்டு ராம் பட்டைகள். அடி ஓரத்தில் பக்கத்துக்கு 120 தங்க நிறப் பற்கள், கடற்காற்றிலும் ஈரத்திலும் கறுத்துப் போயிருந்தன. அதை எதால் துடைக்கச் சொன்னான் தெரியுமா? அழி ரப்பரால்! உங்களிடம் பிடுங்கி வைத்த ரப்பர்களில் ஒன்று இன்னும் என் மேஜையில் இருந்தது. தேய்த்து, துகளை ஊதித் தள்ளி, கிளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்திப் பொருத்தினேன். மூன்று நாள் நன்றாக ஓடியது. நான்காம் நாள் நீலம்.

ஆக ரப்பர் போதவில்லை. ஒவ்வொரு பட்டையாகத் தனித்தனியே மாட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு ராத்திரி சோதனை. ஒன்று சுத்தம். மற்றதில் சிவப்பு. அதையே பக்கத்துத் துளையில் மாட்டினாலும் சிவப்பு. பட்டைதான் குற்றவாளி என்று தீர்ந்தது. அதைக் கழற்றி வைத்துவிட்டு, நல்ல பட்டை ஒன்றோடு மட்டும் புதிதாகக் காப்பி எடுத்தோம்.

பழைய பென்டிரைவையும் புதுக் காப்பியையும் ஒப்பிட விண்டோஸில் ‘எஃப்.சி.’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஒப்பிட்டால் 7 படங்கள் மாறியிருந்தன. பென்டிரைவில் இருந்த 1991-ஆம் வருஷப் படம் அந்த ஏழில் ஒன்று. இரண்டாவது வரிசைக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். ஒரு புள்ளித் தகவல் பிசகினாலும் அதற்குக் கீழே உள்ளது அத்தனையும் கெட்டுவிடுமாம். ஹார்ட் டிஸ்கில் இருந்த மூலப்படத்தைத் திறந்தபோது கை நடுங்கியது. முழுசாக இருந்தது. முதல் வரிசையில் சப்பணமிட்டு, சட்டைப் பொத்தான் மாற்றிப் போட்டு, அவன் உட்கார்ந்திருக்கிறான். ஃபார்மேட் செய்திருந்தால் அந்தச் சாம்பல்தான் மிஞ்சியிருக்கும்.

பிரின்ட் போட்டு நானே பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “சட்டைய பாருங்க டீச்சர், அன்னிக்கி அம்மா அடிச்சாங்க” என்றாள்.

பழைய 4 ஜி.பி. பட்டை ஒன்று 800 ரூபாய்க்குக் கிடைத்தது. அதையும் ஒரு ராத்திரி சோதித்துவிட்டுத்தான் நம்பினேன். இப்போது படங்கள் மூன்று இடத்தில் இருக்கின்றன. நம் பாகூர்க் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடுத்ததை நிருபதுங்கவர்மன் காலத்தில் செம்பில் வெட்டி வைத்தார்கள், ஆயிரத்து நூறு வருஷம் தாண்டியும் படிக்க முடிகிறது. என்னிடம் செம்பு இல்லை, பென்டிரைவ்தான்.

இனி உதவி. ஜனவரியில் கோணலாக இருந்த 4 படங்களைச் சும்மா இருக்காமல் நேராக்கி சேவ் செய்தேன். அவை மூலத்திலேயே கெட்டுவிட்டன. இரண்டு காப்பியும் ஒரே மாதிரி கெட்டிருந்ததால் ஒப்பிடும் கட்டளைக்கும் அகப்படவில்லை, ஒவ்வொன்றாகத் திறந்து கண்ணால் பார்த்தபோதுதான் தெரிந்தது. 1987, 1996, 2003 ஐந்தாம் வகுப்பு குரூப் போட்டோக்கள், 1998 சுதந்திர தின நாடகம். யார் வீட்டு அலமாரியிலாவது இருந்தால் சொல்லுங்கள், வில்லியனூரானாலும் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். தூரத்தில் இருப்பவர்கள் வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதீர்கள், அது சுருக்கிவிடும். டாக்குமென்ட் என்று தேர்ந்து அனுப்புங்கள். 1998 நாடகத்தில் பாரதமாதா வேஷம் போட்டவளே, உன் அம்மாவிடம் ஒரு பிரதி இருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. தேடிப் பார்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்