ஓய்வைச் சுமந்த தோள்கள்

மருத்துவரின் அறிவுரையை மீற இயலாமல், சென்ற மே மாதம் கோடைக்கானலில் ஒரு விடுதியில் ஐந்து நாள்கள் தங்கினேன். சன்னலைத் திறந்தால் மூடுபனி. அது விலகினால் கீழே ஏரி. காலைப் பூசை, செபமாலை, ஏரிக்கரையில் சிறு நடை. வேறு அலுவல் இல்லை. இரண்டாம் நாளே தலைவலி தணிந்தது.

பழனி மலைத்தொடரில் ஏறத்தாழ 7,000 அடி உயரத்திலுள்ள இவ்வூர், நோய்க்கு அஞ்சியோர் கண்ட புகலிடம். சமவெளியில் காய்ச்சலுக்குத் தம்மவரைப் பறிகொடுத்த அமெரிக்க மதுரை மிஷனார் 1845-இல் இங்கு முதல் இரு வீடுகளை எழுப்பினர். மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் துரை 1863-இல் ஏரியை அமைத்தார். மோட்டார்ச் சாலை வருமுன், பெரியகுளம் பக்கத்து மலையடிவாரமான கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பிலிருந்து முதியோரையும் நோயுற்றோரையும் டோலியில் சுமந்தே மேலே சேர்த்தனர். துரைமார் பெயர்கள் ஏடுகளில் உள்ளன. சுமந்தவர் பெயர்களை எங்கும் நான் கண்டதில்லை.

நான்காம் நாள் ஞாயிறு. வெந்நீர் கொண்டுவந்த பணியாளரிடம், "பூசைக்குப் போகவில்லையா, தம்பி?" என்றேன்.

"சீசன் முடியும்வரை லீவு கிடையாது, சாமி. ஊர் பண்ணைக்காடுதான், அம்மாவைப் பார்த்து இரண்டு மாதமாகிறது" என்றார்.

வந்த நாள் முதல் அவரை நான் ஏவிய வேலைகள் நினைவுக்கு வந்தன. டோலி மறைந்துவிட்டது, தோள் மறையவில்லை. அன்று விடுதி முதலாளியிடம் பேசி, அவருக்கு ஒரு நாள் விடுப்புப் பெற்றுக் கொடுத்தேன். என் அறையை நானே கூட்டினேன்.

விடுமுறைக்கு மலையேறும் குடும்பத்தினரே, நம் ஓய்வுக்காக உழைப்பவர் என்று ஓய்கின்றார் என ஒரு சொல் கேளுங்கள். நம் வீட்டு வேலைக்காரரிடமும் அதைக் கேட்கலாம்.