பாடத் தெரியாத அம்மாவும் காவிரிக்கரைப் பாட்டும்

குழந்தைக்கு வீட்டிலேயே தமிழ் சொல்லித் தந்துவிடலாம். கணக்கும் சொல்லித் தரலாம். ஆனால் பாட்டு என்று வந்தால் நம்மில் பல பேர் கையை விரித்து விடுகிறோம். "எனக்கே ஸ எது, ப எதுன்னு தெரியாது. நான் எங்கே சொல்லித் தர!" என்போம். சங்கீதம் கற்காத வீட்டில் சங்கீதம் நுழையாது என்பது நாமாகவே போட்டுக்கொண்ட வேலி. அந்த வேலி தேவையில்லை என்பதைத் தஞ்சாவூர்ச் சீமையில் நாலு நாள் சுற்றியதில் தெரிந்துகொண்டேன். பாட்டுத் தெரியாத தாய்மார்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

இவருக்குப் பாலம் கட்டும் கம்பெனியில் வேலை. வருஷத்துக்கு ஒரு ஊர். பள்ளிக்கூடம் மாற்றி மாற்றி அலுத்துப் போய், எங்கள் சின்னவளுக்கு நான் வீட்டிலேயே பாடம் எடுக்கிறேன். ஒன்பது வயது. முன்பு ஓர் ஊரில் பாட்டு கிளாஸில் சேர்த்திருந்தோம். நவராத்திரி நிகழ்ச்சிக்கு முதல் நாள் அங்கே அவளிடம், "உனக்கு ஸ்ருதி சேரலை. நீ வாயை மட்டும் அசைச்சாப் போதும்" என்று சொல்லிவிட்டார்கள். அதற்கப்புறம் ஒரு வருஷம் வீட்டில் முணுமுணுப்பாகக்கூட ஒரு பாட்டுக் கேட்கவில்லை. "பாடவே தெரியாத நீ என்னத்தைச் சொல்லித் தரப்போறே அண்ணி?" என்று நாத்தனார் கேட்டாள். நியாயமான கேள்விதான். பதில்தான் என்னிடம் இல்லை.

"பாட்டு பிறந்த ஊர்களையாவது அவளுக்குக் காட்டு" என்றார் இவர். கிளம்பினோம்.

தாளம் கிடைத்த ஊர்

முதலில் சீர்காழி. தோணியப்பரைத் தரிசித்துவிட்டு, பக்கத்திலேயே இருக்கும் திருக்கோலக்காவுக்குப் போனோம். சின்னக் கோயில், கூட்டமே இல்லை. ஞானப்பால் உண்ட சம்பந்தர், பச்சைக் குழந்தையாக இங்கே வந்து கையால் தாளம் போட்டுப் பாடினாராம். பிஞ்சுக் கை நோகுமே என்று சுவாமி பொன்னால் ஆன தாளம் கொடுத்தாராம். பொன்னில் தாளம் செய்தால் நாதம் வருமா? அம்பாள் அதற்கு ஓசை கொடுத்தாளாம். அதனால் இங்கே அம்மனுக்கு ஓசை கொடுத்த நாயகி என்று பெயர். பேச்சு சரியாக வராத குழந்தைகளை அழைத்து வந்து இங்கே வேண்டிக்கொள்கிறார்கள்.

இந்தக் கதையைச் சொன்னதும் என் பெண் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். எனக்கும் ஒன்று தோன்றியது. பாட்டு வராவிட்டால் என்ன, தாளம் எல்லார் கையிலும் இருக்கிறதே! பிராகாரத்தில் உட்கார்ந்து ஆதி தாளம் போட்டோம். ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் எண்ணிக்கை, பிறகு ஒரு தட்டு, ஒரு வீச்சு, மறுபடி ஒரு தட்டு, ஒரு வீச்சு. ஆக 8. இட்லி மாவுக்கு ஆழாக்கு எண்ணத் தெரிந்தவளுக்கு இது வராமல் போகுமா?

மும்மூர்த்திகளின் திருவாரூர்

மாயவரம் வழியாகத் திருவாரூர். கர்நாடக சங்கீத மும்மூர்த்திகள் மூவருமே இந்த ஒரே ஊரில், சுமார் 13 வருஷ இடைவெளிக்குள் பிறந்திருக்கிறார்கள். சியாமா சாஸ்திரிகள் 1762, தியாகராஜர் 1767, முத்துஸ்வாமி தீக்ஷிதர் 1775. கமலாலயக் குளத்தின் அகலத்தையும் கோயிலின் விஸ்தாரத்தையும் பார்த்தால் ஒரு நாள் போதாது. இந்தக் கோயிலின் பஞ்சமுக வாத்தியம் குழந்தைகள் அவசியம் பார்க்க வேண்டியது. ஒரே குடத்தில் ஐந்து முகம். ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு தனி நாதம்.

தியாகராஜரின் தாயார் சீதம்மா, புரந்தரதாசர் பாடல்களைப் பாடுவாராம். மகன் முதலில் கேட்டது அதைத்தான் என்று சொல்வார்கள். பிறகுதான் சொண்டி வெங்கடரமணய்யா என்ற பெரிய வித்வானிடம் சிட்சை. ஆக, குரு வருவதற்கு முன்னால் அம்மா!

தீக்ஷிதரிடமிருந்து எனக்குக் கிடைத்தது வேறு. அவர் குடும்பம் சென்னைக்கு அருகே மணலியில் இருந்தபோது, கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பாண்டு வாத்தியத்தைக் கேட்டிருக்கிறார். அந்த மெட்டுகளுக்கு நம் தெய்வங்களின் பேரில் ஸம்ஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்பார்கள். முப்பதுக்கும் மேல் இருக்கின்றன. எல்லாம் சங்கராபரண ஸ்வரங்கள். குலுக்கல், அசைவு என்று கமகச் சிக்கல் கிடையாது. துள்ளலாக நேராகப் போகும். குழந்தைக்கும் சரி, பாடத் தெரியாத அம்மாவுக்கும் சரி, இதைவிட நல்ல ஆரம்பம் கிடைக்காது. அன்றிரவு தங்கின இடத்தில் போனில் ஒன்றைப் போட்டுக் கேட்டோம். பாடவில்லை, கேட்க மட்டும் செய்தோம்.

"காது சொல்லும்மா!"

தஞ்சாவூரில் எல்லாரும் பெரிய கோயிலுக்குப் போவார்கள். நாங்களும் போனோம். ஆனால் என் மனசில் நின்றது வீணை செய்யும் ஒரு சின்னப் பட்டறை. வாசலிலேயே பலா மரத்தின் மஞ்சள் தூள் கால் புதையக் கிடந்தது.

குடம், தண்டி, யாளி முகம் மூன்றையும் ஒட்டில்லாமல் ஒரே மரத்தில் குடைந்து செய்தால் அது ஏகாண்ட வீணை. மொத்தம் 7 தந்தி. வாசிக்க நாலு, தாளத்துக்கு மூன்று. தண்டியின்மேல் 24 மெட்டுகள். 17-ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில்தான் இந்த 24 மெட்டு அமைப்பு நிலைபெற்றது என்கிறார்கள்.

அந்த மெட்டுகளை ஆணி அடித்துப் பொருத்துவதில்லை, மெழுகில் பதிக்கிறார்கள். 'மேளம் கட்டுவது' என்று இதற்குப் பெயர். மெழுகு இளகியிருக்கும்போதே மயிரிழை இப்படி, மயிரிழை அப்படி என்று நகர்த்தி ஸ்வரம் சேர்க்க வேண்டும். கட்டிக்கொண்டிருந்த பெரியவரிடம், "நீங்க நல்லா வாசிப்பீங்களா ஐயா?" என்று கேட்டேன். சிரித்தார்.

"எனக்குப் பாட்டே வராதும்மா. ஒரு கீதம்கூட முழுசா வாசிக்கத் தெரியாது."

"அப்புறம் எப்படிச் சேர்க்கிறீங்க?"

"காது சொல்லும்மா! இங்க வா பாப்பா."

என் பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். ஒரு தந்தியைச் சும்மா மீட்டினார். அடுத்த தந்தியை மெட்டின்மேல் அழுத்தி அதே ஸ்வரத்தை மீட்டினார். இரண்டும் ஒன்றுபோலத்தான் எனக்குக் கேட்டது. "நல்லா கேளு. உள்ளே வூம்… வூம்னு ஒரு அலை அடிக்குதா?" என்றார். காதைக் கிட்டே வைத்தோம். ஆமாம், நாதம் ஏறி இறங்கி ஆடிக்கொண்டிருந்தது. மெட்டை லேசாக நகர்த்தினார். அலை மெதுவாயிற்று. இன்னும் ஒரு துளி. "நின்னுடுச்சு!" என்று கத்தியது என் பெண். எனக்கு அது அப்புறம்தான் தெரிந்தது.

"அலை நின்னா சேர்ந்துடுச்சுன்னு அர்த்தம். அவ்வளவுதான் ஸ்ருதி. பாப்பாவுக்குக் காது நல்லா இருக்கும்மா" என்றார் பெரியவர்.

ஸ்ருதி சேரவில்லை என்று ஒதுக்கப்பட்ட குழந்தைக்கு, சேர்கிற இடம் என்னைவிட முன்னால் கேட்கிறது! நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் அந்த இடத்தைவிட்டு ஒரு மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை.

ஏழு தடவை பதில்

மறுநாள் திருவையாறு. தஞ்சாவூரிலிருந்து 13 கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் அரை மணிக்குச் சற்று கூடலாம். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளையும் வழியிலேயே தாண்டிவிடுகிறோம்.

ஐயாறப்பர் கோயிலின் தெற்குப் பிராகாரத்தில் ஓர் இடம் இருக்கிறது. அங்கே நின்று "ஐயாறா!" என்று கூப்பிட்டால் ஏழு தடவை எதிரொலிக்கும் என்பார்கள். இவர் கூப்பிட்டார். நான் கூப்பிட்டேன். "நீ கூப்பிடு கண்ணு" என்றதற்குத் தலையை ஆட்டினாள். நாங்கள் கொஞ்சம் நகர்ந்து போனோம். பின்னால் மெல்ல ஒரு குரல். பிறகு கொஞ்சம் உரக்க. பிறகு இன்னும் உரக்க. போன குரல் திரும்பித் திரும்பி வந்தது. அவள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

அங்கிருந்து காவிரிக்கரை. 1847-இல் ஸித்தியடைந்த தியாகராஜ ஸ்வாமிகளின் சமாதி. ஆராதனை நாட்களில் கால் வைக்க இடம் இருக்காது. நாங்கள் போனது சாதாரண நாள். ஆற்றுக் காற்றும் குருவிச் சத்தமும்தான்.

சமாதிக்கு எதிரே கை கூப்பிய நிலையில் ஓர் அம்மாவின் சிலை இருக்கிறது. பெங்களூர் நாகரத்தினம்மாள். கேட்பாரற்றுக் கிடந்த சமாதியின் நிலையைப் பார்த்து மனம் பொறுக்காமல், தாம் பாடிச் சேர்த்த பணத்தையும் நகையையும் போட்டு அங்கே கோயில் எழுப்பினார். கும்பாபிஷேகமும் நடந்தது. ஆனால் ஆராதனையில் பெண்கள் பாட அந்த நாளில் இடம் கிடையாது. அவர் சும்மா இருக்கவில்லை. பெண்களைச் சேர்த்துக்கொண்டு தனியாக ஆராதனை நடத்தினார். 1940-களின் தொடக்கத்தில் எல்லாக் கட்சிகளும் ஒன்றாகிப் பெண்களும் பாட ஆரம்பித்தார்கள். இன்று எல்லாரும் ஒன்றாக அமர்ந்து பஞ்சரத்தினம் பாடுகிறார்களே, அந்த வழக்கமும் அந்தச் சமயத்தில் வந்ததுதான். 1952-இல் மறைந்த அந்த அம்மாளுக்கும் அங்கேயே சமாதி.

"பாடக் கூடாதுன்னு சொன்னப்போ இவங்க என்ன பண்ணாங்கம்மா?" என்று கேட்டாள் என் பெண். "பாடினாங்க" என்றேன்.

வீட்டில் என்ன செய்யலாம்?

ஊருக்குத் திரும்பியதும் தினம் காலையில் இருபது நிமிஷம் ஒதுக்கினோம். நான் பாடுவதில்லை, கூட உட்காருகிறேன்.

முதல் ஐந்து நிமிஷம் ஸ்ருதி. ஸ்ருதிப் பெட்டி இல்லாவிட்டால் போனிலேயே கிடைக்கிறது. பெண் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் ஐந்து, ஐந்தரைக் கட்டை ஒத்துவரும். குரல் இழுபறியில்லாமல் நிற்கிற இடம்தான் முக்கியம். கண்ணை மூடி 'ஸ' பிடிக்கச் சொல்லுங்கள். சேரும்போது குரல் ஸ்ருதிக்குள் கரைந்துவிடும். சேராவிட்டால் அந்த அலை கேட்கும். "தப்பு" என்று நாம் சொல்லவே வேண்டாம். "அலை நின்னுதா?" என்று கேட்டால் போதும்.

அடுத்து தாளம். தாளம் அம்மாவின் பொறுப்பு. மாயாமாளவகௌளையில் ஸரளி வரிசையை ஒரு நல்ல பதிவை வைத்துக்கொண்டு வரி வரியாகக் கேட்டு, பிறகு சொல்ல வேண்டும். முதல் காலம் நன்றாக நின்ற பிறகுதான் இரண்டாம் காலம். ஒரு வரிசைக்கு ஒரு வாரம் ஆனாலும் சரி.

கடைசியாகக் கேள்வி. ஒரே பாட்டை ஒரு வாரம் கேளுங்கள். சமையல் நேரத்தில் ஓடட்டும். எட்டாம் நாள் தானாக வாயில் வரும்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். கமகமும் ராக பாவமும் குரு வாயால்தான் வர வேண்டும். அலங்காரம் வரை வீட்டில் பழகிவிட்டு நல்ல ஆசிரியரைத் தேடுங்கள். பல மாவட்டத் தலைநகரங்களில் அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன. சேர்க்கும்போது, குழந்தையை மற்றவர்கள் முன் மட்டம் தட்டாத ஆசிரியரா என்று முதலில் பாருங்கள். பட்டம், பரிசு எல்லாம் அப்புறம்.

போகிறவர்களுக்கு

தஞ்சாவூரில் தங்கிக்கொண்டால் திருவையாறும் திருவாரூரும் போய் வரச் சௌகரியம். சீர்காழிக்கு மட்டும் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். கோயில்கள் பகலில் நடை சாத்திவிடுவார்கள். அந்த நேரத்தில் பட்டறைகளைப் பார்க்கலாம். வேலை செய்பவர்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள். ஆராதனை தை மாதத்தை ஒட்டி, புஷ்ய பகுள பஞ்சமியன்று. சின்னக் குழந்தைகளோடு போவதானால் சாதாரண நாளே நல்லது. திருவையாற்றில் பயத்தம்பருப்பில் செய்யும் அசோகா அல்வாவை மறக்காமல் சாப்பிடுங்கள். இலையில் வைத்துச் சூடாகத் தருவார்கள்.

என் பெண் இப்போது ஜண்டை வரிசையில் இருக்கிறாள். சில நாள் சேருகிறது, சில நாள் சேரவில்லை. சேராத நாளில் அவளே நிறுத்தி, "அலை அடிக்குதும்மா" என்று மறுபடி ஆரம்பிக்கிறாள். நாத்தனாரின் கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. பாடத் தெரியாத அம்மாவால் கேட்கச் சொல்லித் தர முடியும். சங்கீதத்தின் முதல் பாடமே அதுதானே!