ரேடியேட்டருக்கு ஆகாத தண்ணி

போன செமஸ்டர் லீவுல நாங்க நாலு பேர் வால்பாறை கிளம்பினோம். ரூம் எதுவும் போடல. என் மாமா தன்னோட பழைய வேன்ல பின் சீட்டையெல்லாம் கழட்டிட்டு, பலகைக் கட்டில், கேஸ் அடுப்பு, கட்டிலுக்கு அடியில 50 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க்னு ஒரு குட்டி வீடாவே மாத்தி வெச்சிருந்தார். கெஞ்சிக் கூத்தாடி சாவி வாங்கினேன்.

நான் மெக்கானிக்கல். அதனால வண்டி என் பொறுப்பு. இன்ஜின் ஆயில், பிரேக், ஸ்டெப்னி, ஜாக்கினு ரெண்டு நாள் உட்கார்ந்து லிஸ்ட் போட்டு டிக் அடிச்சேன். தண்ணி டேங்குக்கு லிஸ்ட்ல ஒரே வரிதான்: "நிரப்பணும்." கழுவாம அப்படியே பைப்பை விட்டு நிரப்பிட்டேன்.

முதல் நாள் ராத்திரி பொள்ளாச்சி பக்கம் கிளாஸ்மேட் ஒருத்தனோட தென்னந்தோப்புல தூங்கினோம். மறுநாள் ஆழியாறு தாண்டி மலை ஏற ஆரம்பிச்சதும் என் ரூம்மேட் ரெண்டு தடவை வாந்தி எடுத்தான். "ஒண்ணும் இல்ல மச்சி, பெண்ட்ல தலை சுத்துது"ன்னான். மொத்தம் 40 ஹேர்பின் பெண்ட். யாருக்கா இருந்தாலும் சுத்தும்தானே? நான் நம்பிட்டேன். நம்புறது எனக்கு வசதியாவும் இருந்தது. என் கண்ணு முழுக்க டெம்பரேச்சர் முள்ளு மேலதான்.

14வது பெண்ட் தாண்டினதும் அந்த முள்ளு சிவப்புக்குப் போயிடுச்சு. ஓரங்கட்டி நிறுத்திப் பார்த்தா, ரேடியேட்டர் மேல் ஹோஸ் கிளாம்ப் பக்கத்துல வெடிச்சு, கூலன்ட் பாதி ரோட்டுல. ஒருத்தன் உடனே மூடியைத் திறக்கப் போனான். கையைத் தட்டி விட்டேன். உள்ள பிரஷர் இருக்கிறதால தண்ணி 100 டிகிரிக்கு மேலயும் கொதிக்காம நிக்கும். திறந்தா பிரஷர் இறங்கி, ஆவியாகி மூஞ்சியில அடிக்கும். தெர்மோடைனமிக்ஸ்ல அரியர் வெச்சவன் அன்னிக்கு அவங்களுக்கு கிளாஸ் எடுத்தேன்.

முக்கால் மணி நேரம் ஆற விட்டு, ஹோஸ்ல வெடிச்ச நுனியை வெட்டிட்டு மறுபடி மாட்டி கிளாம்பை இறுக்கினேன். இனி தண்ணி ஊத்தணும். "டேங்க்ல நிறைய இருக்கே?"ன்னு ஒருத்தன் கேட்டான்.

"அது வேணாம்டா, கழுவாத டேங்க். அழுக்கு போய் ரேடியேட்டர் அடைச்சுக்கும். மினரல் வாட்டர் ரெண்டு பாட்டில் இருக்குல்ல, அதை எடு."

வேனுக்குள்ள இருந்து ரூம்மேட் குரல் மெதுவா வந்தது. "டேய், நேத்துல இருந்து நான் அதைத்தானடா குடிக்கிறேன்."

யாரும் சிரிக்கல. பாட்டில் தண்ணிக்கு எதுக்கு காசுன்னு அவன் மட்டும் டேங்க் தண்ணியைக் குடிச்சிருக்கான். உள்ள போய் நெத்தியைத் தொட்டேன். கொதிச்சது. விடியற்காலையில இருந்து வயித்தால போயிட்டு இருந்ததாம். டிரிப் கெட்டுடும்னு சொல்லலையாம்.

ரெண்டு பாட்டிலும் அவனுக்குன்னு ஆச்சு. கீழ இறங்கின கவர்மென்ட் பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தினோம். அவனையும் துணைக்கு ஒருத்தனையும் ஏத்தி விட்டோம். டிரைவர் அண்ணா தன் கேன் தண்ணியை எங்க ரேடியேட்டருக்குக் குடுத்துட்டுப் போனார்.

பொள்ளாச்சியில ஆஸ்பத்திரியில டிரிப்ஸ் ஏத்தினாங்க. டேங்க் தண்ணிதான் காரணமான்னு டாக்டர்கிட்ட கேட்டேன். "இருக்கலாம், உறுதியா சொல்ல முடியாது"ன்னார். ஓஆர்எஸ் பாக்கெட் வெச்சுக்கச் சொன்னார். அது இல்லன்னா ஒரு லிட்டர் சுத்தமான தண்ணியில ஆறு தலை தட்டின டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கொஞ்சம் கொஞ்சமா குடிக்கணும், வாந்தி வந்தா பத்து நிமிஷம் விட்டு மறுபடி. சர்க்கரையும் உப்பும் எங்க அடுப்புக்குப் பக்கத்துலயேதான் இருந்தது.

அன்னிக்கு ராத்திரி வேனை ஆஸ்பத்திரி வாசல்ல போட்டுத் தூங்கினோம். எனக்குத் தூக்கம் வரல. இன்ஜினுக்கு ஆகாதுன்னு எனக்குத் தெரிஞ்ச தண்ணி, அவனுக்கு ஆகுமான்னு ஒரு தடவை கூட யோசிக்கலையே?

மறுநாள் அவனே என்னைத் தேத்தினான். வால்பாறை இன்னும் பாக்கி. அடுத்த தடவை லிஸ்ட் அவன்தான் போடுவானாம். முதல் வரி, டேங்க் கழுவணும். ரெண்டாவது வரி, உடம்பு சரியில்லன்னா வாயைத் திறந்து சொல்லணும். அது அவனுக்கே அவன் எழுதிக்கிட்டது.