உடைந்த ஆர்கனும் வராத உதவித்தொகையும்

சென்ற குளிர்காலத்தில் எனக்கு ஐந்து மாதங்கள் ஆய்வு உதவித்தொகை வரவில்லை. தில்லியில் விடுதி உணவுக் கணக்கைத் தீர்க்கக் கடன் கேட்டு அலைந்த அந்நாள்களில், ஒரு கருத்தரங்கில் மூத்த பேராசிரியர் ஒருவர், "நெருக்கடியில்தான் நல்ல ஆய்வு பிறக்கிறது" என்றார். என்னால் மறுக்க இயலவில்லை. என் ஆய்வேட்டின் இரண்டாம் இயலிலேயே அதற்குச் சான்று இருந்தது: ஃபங்க் இசையின் பேஸ் கிட்டார் கலைஞர் லாரி கிரகாம்.

1946இல் டெக்சஸ் மாநிலத்தின் போமாண்டில் பிறந்த அவர், கலிபோர்னியாவின் ஓக்லண்டில் வளர்ந்தார். பியானோ வாசித்துப் பாடும் தம் தாய் டெல் கிரகாமின் குழுவில் பதின்பருவத்திலேயே கிட்டார் வாசித்தார். கூடவே, ஆர்கனின் கால்பெடல்களை மிதித்துக் கீழ்ச்சுரங்களையும் தாமே எழுப்பினார். ஒருநாள் அந்த ஆர்கன் பழுதாயிற்று. அது சரியாகும்வரை போதும் என்று ஒரு பேஸ் கிட்டாரை வாடகைக்கு எடுத்தார். ஆர்கன் சரியாகவே இல்லை. பின்னர் டிரம்ஸ் கலைஞரும் இல்லாமற்போக, தாயும் மகனும் மட்டும் மேடையேறினர். கட்டைவிரலால் தந்தியை ஓங்கித் தட்டிப் பெரிய டிரம்மின் அதிர்வையும், மற்றொரு விரலால் சுண்டித் தெறிக்கவிட்டு ஸ்னேர் டிரம்மின் வெட்டையும் அவர் ஈடுசெய்தார். கிட்டாருக்கே திரும்பிவிடலாம் என்றிருந்தவர் என்பதால், பேஸ் வாசிப்பின் 'முறையான' பாணியைக் கற்க அவர் முனையவும் இல்லை.

இன்று 'ஸ்லாப்' எனப்படும் அம்முறை, ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோன் குழுவின் வழியே உலகைச் சென்றடைந்தது. அது ஒலிக்கும் 'தேங்க் யூ' பாடல் 1970 பிப்ரவரியில் அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பெற்றது. 1972இல் அக்குழுவிலிருந்து விலகிய கிரகாம், கிரகாம் சென்ட்ரல் ஸ்டேஷன் என்னும் சொந்தக் குழுவைத் தொடங்கினார்.

இவற்றையெல்லாம் தொகுத்து, "இல்லாமையே இப்பாணியின் தாய்" என்று எழுதியிருந்தேன். உதவித்தொகை நின்ற மூன்றாம் மாதத்தில், அடுத்த அறையில் இருந்த நண்பர் ஆய்வைக் கைவிட்டு ஊருக்குப் புறப்பட்டார். தம் புத்தகங்களை என்னிடம் ஒப்படைத்துவிட்டு, "இவற்றை நூலகத்தில் சேர்த்துவிடுங்கள்" என்றார். அன்றிரவு அந்த வாக்கியத்தைத் திரும்பப் படித்தபோது கூச்சமாக இருந்தது.

உடைந்த ஆர்கனிலிருந்து மௌனம் மட்டுமே பிறக்கும். கிரகாமுக்கு ஆர்கன் மட்டுமே உடைந்தது, மேடை உடையவில்லை. தாயே தலைமையேற்ற குழு இருந்தது, வாடகைக்கு ஒரு கருவி கிடைத்தது, கேட்க ஆள்கள் இருந்தனர். இல்லாமையின் கணக்கில் நான் எழுதிய புகழ், உண்மையில் டெல் கிரகாமுக்கும் உரியது. நண்பருக்கோ மேடையே இல்லாமற்போயிற்று.

நிலுவைத்தொகை ஆறாம் மாதத்தில் வந்தது. நண்பர் திரும்பவில்லை. அவருடைய புத்தகங்களை நான் இன்னும் நூலகத்தில் சேர்க்கவில்லை. அந்த வாக்கியத்தை மட்டும் நீக்கிவிட்டேன். இனி யாரேனும் நெருக்கடியைப் போற்றிப் பேசினால், அந்த மேடையைத் தாங்கி நின்றவர் யார் என்று கேட்பேன்.