பழைய டிவியின் சிவப்பு

பழைய கலர் டிவி திரையில் சிவப்பு நிறத்தைத் தந்தது இட்ரியம் சேர்ந்த ஒளிரும் பூச்சு. மலேசியாவில் ஈப்போ அருகே புக்கிட் மேராவில் 1982இல் இயங்கத் தொடங்கிய ஏஷியன் ரேர் எர்த் ஆலை, வெள்ளீயச் சுரங்கங்கள் கழித்துப்போட்ட மோனசைட் மணலிலிருந்து அந்த இட்ரியத்தைத்தான் பிரித்தது. மிஞ்சியது தோரியம் கலந்த கதிரியக்கக் கழிவு. 1985இல் ஊர்மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1992இல் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை நிறுத்தச் சொன்னது. 1993இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. ஆனாலும் 1994இல் ஆலை மூடப்பட்டது. வழக்கில் தோற்றும் ஊர் ஜெயித்தது என்றே சொல்லலாம். கழிவை அப்புறப்படுத்தி கிளேடாங் மலைத்தொடரில் புதைக்கப் பல ஆண்டுகள் பிடித்தன.

ஆக, டிவி வீட்டுக்கு வருமுன்பே அதன் கழிவு பிறந்துவிடுகிறது. மீதி, வீட்டைவிட்டுப் போகும்போது. ஒலிபெருக்கி கட்டித் தாமான் தாமானாக வரும் பழைய பேப்பர் லாரி, பழுதான டிவியையும் ஏற்றிக்கொள்ளும். அதன்பின் அது எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. செம்புக்காக வயரைத் திறந்தவெளியில் எரித்தால் பிளாஸ்டிக் உறையிலிருந்து டையாக்சின் கிளம்பும். திரைக்குழாயின் கண்ணாடியில் காரீயம் இருக்கிறது. இப்படி எரிக்கவும் கொட்டவும் முன்னாள் ரப்பர் தோட்டங்களில் ஆள் நடமாட்டமில்லாத மூலைகளுக்குப் பஞ்சமில்லை என்பதையும் மறக்கக்கூடாது.

2005ஆம் ஆண்டு கழிவு விதிமுறைகள் பழைய டிவி போன்ற மின்கழிவை எஸ்டபிள்யூ 110 என்ற குறியீட்டில் வகைப்படுத்துகின்றன. சுற்றுச்சூழல் துறையின் உரிமம் பெற்ற ஆலைகளே இதைக் கையாளலாம். டிவி மட்டுமல்ல, கைப்பேசி பேட்டரியும் ஆபத்துதான்; குப்பை லாரியில் நசுங்கினால் தீப்பற்றக்கூடும். அதன் முனைகளில் டேப் ஒட்டி, மின்கழிவுச் சேகரிப்பு மையத்தில் கொடுப்பதே சரி.