பாம்புச் சட்டைக்குள் ஒளிந்திருக்கும் நிறம்! - மணிமங்கலம் ஏரிக்கரையில் தொடங்கும் கதை

தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாக மேற்கே போனால் மணிமங்கலம். 7-ம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன், சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியைத் தோற்கடித்த ஊர். இன்று ஒரு பக்கம் பெரிய ஏரி, நெல்வயல். இன்னொரு பக்கம் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு விரையும் கம்பெனி பஸ்கள்.

வயல்கள் மனைகளாக மாறினாலும், எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரத்தான் செய்யும். புதரிலும் செங்கல் அடுக்கிலும் சாரையோ, நல்லபாம்போ உரித்துப்போட்ட சட்டை கிடந்தால், இங்கே குச்சியால் தள்ளிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அமெரிக்காவில் பாம்பு வளர்ப்பவர்களோ, அந்தச் சட்டையைக் கவரில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். எதற்கு? தங்கள் பாம்பின் முட்டையிலிருந்து என்ன நிறக் குட்டி வரும் என்று தெரிந்துகொள்ள!

உள்ளே ஒளிந்த வெள்ளை

அங்கே வீடுகளில் பிரபலமானது 'பால் பைத்தான்'. பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு. இயல்பில் பழுப்பும் கறுப்பும் கலந்திருக்கும். கறுப்பு நிறமியை உருவாக்கும் மரபணு பழுதானால், வெள்ளையும் மஞ்சளுமாக 'அல்பினோ' குட்டி பிறக்கும்.

ஆனால் தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்தப் பழுது வந்தால்தான் நிறம் மாறும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் வெளியே சாதாரணப் பாம்பு; உள்ளே வெள்ளை ஒளிந்திருக்கும். அப்படிப்பட்ட இரண்டு பாம்புகள் சேர்ந்தால், நான்கில் ஒரு குட்டி வெள்ளையாகப் பிறக்க வாய்ப்புண்டு. மற்ற குட்டிகளில் மூன்றில் இரண்டு பங்கு அந்த மரபணுவைச் சுமந்திருக்கும். எது சுமக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. சட்டையிலிருக்கும் டி.என்.ஏ சொல்லிவிடும். ஈஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர்கள், பாம்பு வளர்ப்பவர்கள் அனுப்பிய சட்டைகளை வைத்தே அல்பினோவுக்குக் காரணமான மரபணு மாற்றங்களைக் கண்டறிந்தார்கள். அந்த ஆய்வு 2022-ல் வெளியானது.

வெள்ளைப் பாம்பு நம் ஊருக்கும் புதிதல்ல. 2023 மே மாதம் கோவை குறிச்சியில் ஒரு வெள்ளை நாகம் பிடிபட்டது. அதை ஆனைகட்டி காட்டில் விட்டார்கள்.

வண்டலூரில் ஒரு பாடம்

மணிமங்கலத்திலிருந்து வண்டலூர் உயிரியல் பூங்கா பக்கம்தான். அங்குள்ள வெள்ளைப் புலிகளிடமும் இதே கணக்குதான். 1951-ல் ரேவா காட்டில் பிடிபட்ட 'மோகன்' என்ற வெள்ளைப் புலிக்கு, சாதாரண நிறத் துணையிடம் வெள்ளைக் குட்டி பிறக்கவில்லை. சொந்த மகளோடே சேர்த்த பிறகுதான் 1958-ல் வெள்ளைக் குட்டிகள் பிறந்தன. நிறத்துக்காக உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் தொடர்ந்ததில், மாறுகண் போன்ற குறைகளும் சேர்ந்து வந்தன.

பாம்பிலும் அப்படித்தான். 'ஸ்பைடர்' என்ற அழகிய வடிவம் கொண்ட பால் பைத்தான்களுக்குத் தலை நிலையில்லாமல் ஆடும். அந்த நிறக்கோலத்தையும் தலையாட்டத்தையும் பிரிக்க வளர்ப்பாளர்களால் முடியவில்லை. பரிசோதனை, எந்த மரபணு இருக்கிறது என்று சொல்லும். அந்தக் குட்டியைப் பிறக்க வைக்கலாமா என்று சொல்லாது. அதை மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆசைக்கு விலை

இந்த நிற மோகம் இங்கேயும் வந்துவிட்டது. 2022 ஆகஸ்டில் சென்னை விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்த பயணியின் பெட்டியில் 15 கிங் ஸ்நேக்குகளும் 5 பால் பைத்தான்களும் சிக்கின. நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்க்க 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை. பால் பைத்தான் போன்ற வெளிநாட்டுப் பாம்புகளை வைத்திருந்தால், 2024-ம் ஆண்டு விதிகளின்படி அரசின் 'பரிவேஷ்' தளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

மணிமங்கலத்துக் குடும்பங்களுக்கு இதெல்லாம் தூரத்துச் செய்தியாக இருக்கலாம். ஆனால், மழைக்காலத்தில் வாசலுக்கு வரும் பாம்பு வெள்ளையோ கறுப்போ, செய்ய வேண்டியது ஒன்றுதான்: அடிக்காமல், தள்ளி நின்று, 101-ஐ அழைத்துத் தீயணைப்புத் துறையிடம் சொல்லுங்கள். ஏரிக்கரை அதற்கும் சொந்த ஊர்தான்!